கைப்பைக்குள் அடங்காத புத்தகம்

ஒரு தேசத்தின் அரசியல் சட்டம் எத்தனை பெரிதாக இருக்கலாம்? கைப்பையிலோ சட்டைப் பையிலோ போட்டு எடுத்துப் போகும்படி அடக்கமான சிறு புத்தகமாக இருக்கும் என்றுதான் தாம் எண்ணிக்கொண்டிருந்ததாகச் சொன்னார் ஸ்ரீமதி அம்மு சுவாமிநாதன். சொன்ன இடம் டில்லி, அரசியல் நிர்ணய சபை. நாள், 1949 நவம்பர் 24. சபை அப்போது எழுதி முடித்திருந்ததோ 395 ஷரத்துக்களும் 8 அட்டவணைகளும் கொண்ட மகா பெரிய புத்தகம்!

அந்தக் குறையைச் சொன்ன அதே பேச்சில் அம்மு அம்மாள் இன்னொன்றும் சொன்னார். இந்தியா தன் பெண்களுக்குச் சம உரிமை தரவில்லை என்று வெளியார் பேசி வந்தார்கள். இந்திய ஜனங்கள் தங்கள் சட்டத்தைத் தாங்களே எழுதியபோது, மற்ற எந்தப் பிரஜைக்கும் சமமான உரிமையைப் பெண்களுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று இனி நாம் சொல்லிக்கொள்ளலாம் என்றார்.

இந்தக் 'கொடுத்துவிட்டார்கள்' என்ற சொல்லில்தான் எனக்குச் சின்ன ஆட்சேபணை. யாரோ கொடுக்க யாரோ கைநீட்டி வாங்கிக்கொண்ட சமாசாரமா இது? 299 பேர் கொண்ட அந்தச் சபையில் பதினைந்து பெண்கள் இருந்தார்கள். அவர்கள் கேட்டது என்ன, வேண்டவே வேண்டாம் என்று தள்ளியது என்ன, கேட்டும் கிடைக்காமல் போனது என்ன என்று பார்க்கத் தொடங்கினால் கதை வேறு மாதிரி இருக்கிறது.

அரசியல் சட்டம் என்றதும் நமக்கு ஞாபகம் வருகிற முகங்கள் டாக்டர் அம்பேத்கர், பண்டித நேரு, சர்தார் படேல், பாபு ராஜேந்திர பிரசாத். வர வேண்டியதுதான். குழந்தைகளின் பாடப் புத்தகத்திலும் அந்தப் படங்களே இருக்கின்றன. அந்தப் படங்களில் இடம் பெறாத பதினைந்து பேரின் பெயர்களை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். எல்லோரைப் பற்றியும் விரிவாக எழுத இந்தப் பக்கங்கள் போதா. அம்மு சுவாமிநாதன், துர்க்காபாய், தாட்சாயணி வேலாயுதன், ஆனி மஸ்கரின், ஹன்சா மேத்தா, ராஜகுமாரி அம்ருத் கௌர், சரோஜினி நாயுடு, விஜயலக்ஷ்மி பண்டிட், சுசேதா கிருபளானி, பேகம் அய்ஜாஸ் ரசூல், ரேணுகா ராய், பூர்ணிமா பானர்ஜி, கமலா சௌத்ரி, லீலா ராய், மாலதி சௌத்ரி. இவர்களில் கமலா சௌத்ரி ஹிந்தியில் சிறுகதை எழுதியவர் என்பதை, கதைப் பிரியர்களான நம் வாசகிகளுக்காகத் தனியே குறித்து வைக்கிறேன்.

1946-இல் மாகாணச் சட்டசபைகள்தாம் அரசியல் நிர்ணய சபைக்கு அங்கத்தினர்களைத் தேர்ந்தெடுத்தன. அப்போது சென்னை மாகாணம் அனுப்பிய பெண்கள் மூன்று பேர். அந்த மூவரும் எங்கிருந்து புறப்பட்டு அந்த ஆசனங்களுக்கு வந்து சேர்ந்தார்கள் என்பதே ஒரு தொடர்கதைக்குப் போதும்.

மாப்பிள்ளைக்குப் போட்ட நிபந்தனை

அம்மு அம்மாள் 1894-இல் பிறந்தவர். பாலக்காட்டுப் பக்கம் ஆனக்கரை அவருடைய ஊர். தகப்பனார் சிறு வயதிலேயே காலமாகிவிட்டார். பள்ளிக்கூடம் என்று பெரிதாகப் போனதில்லை. வீட்டில் கற்றுக்கொண்ட கொஞ்சம் மலையாளந்தான் படிப்பு. தகப்பனாரிடம் உதவி பெற்று முன்னுக்கு வந்த சுவாமிநாதன் என்ற வக்கீல், நன்றி மறவாமல், அந்த வீட்டில் பெண் கேட்டு வந்தார். அவருக்கும் அம்முவுக்கும் இருபது வயது வித்தியாசம். பெண்ணுக்கு அப்போது பதின்மூன்று, பதினான்கு வயதுதான்.

அந்தச் சிறுமி தலையைக் குனிந்துகொண்டு உள்ளே ஓடவில்லை; நிபந்தனை போட்டாள்! கிராமத்தில் இருக்க முடியாது, சென்னையில்தான் குடித்தனம். இங்கிலீஷ் கற்றுக்கொடுக்க ஓர் ஆசிரியை வேண்டும். மூன்றாவது நிபந்தனைதான் ரஸமானது. வெளியே போனால் எப்போது திரும்பி வருவாய் என்று யாரும் தன்னைக் கேட்கக் கூடாது. ஏன் என்றால், அண்ணன்மார்களை அந்த வீட்டில் யாரும் அப்படிக் கேட்டதில்லை! சுவாமிநாதன் எல்லாவற்றிற்கும் சம்மதித்தார். சொன்ன சொல்லையும் காப்பாற்றினார். இந்தக் காலத்தில் எத்தனை சம்பந்திகள் முன்னிலையில் இந்த மூன்றாவது நிபந்தனையை ஒரு பெண் வாய்விட்டுச் சொல்ல முடியும் என்று நினைத்துப் பாருங்கள்.

சேத்துப்பட்டு வீட்டில் வளர்ந்த அந்த அம்மாளின் குழந்தைகளை நாடே அறியும். நேதாஜியின் படையில் ஜான்ஸி ராணி ரெஜிமெண்டை நடத்திய காப்டன் லக்ஷ்மி ஒரு பெண். நடனத்தில் புகழ் பெற்ற மிருணாளினி சாராபாய் இன்னொரு பெண். புதல்வர் கோவிந்த சுவாமிநாதன் சென்னையில் அட்வகேட் ஜெனரலாக இருந்தவர். பெற்ற தாயோ 1942 போராட்டத்தில் வேலூர் சிறையில் இருந்து வந்தவர்.

இரண்டாமவர் துர்க்காபாய். பின்னாளில் துர்க்காபாய் தேஷ்முக் என்று பெயர் பெற்றவர். 1909-இல் ராஜமகேந்திரவரத்தில் பிறந்தார். எட்டு வயதில் கல்யாணம்! விவரம் தெரிந்த வயது வந்ததும், இந்த விவாகத்தைத் தம்மால் ஏற்க முடியாது, நீங்கள் வேறு பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளுங்கள் என்று கணவரிடம் நேரிலேயே சொல்லி விலகிக்கொண்டார். வீட்டார் அவர் பக்கம் நின்றார்கள். அந்தக் காலத்தில் அதுவே ஓர் அதிசயம்.

1923-இல் காகிநாடாவில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது துர்க்காபாய்க்கு வயது பதினான்கு. கதர்க் கண்காட்சி வாசலில் தொண்டர் வேலை. டிக்கெட் இல்லாதவரை உள்ளே விடாதே என்று உத்தரவு. டிக்கெட் இல்லாமல் வந்தார் ஒருவர். வழிமறித்து நிறுத்திவிட்டாள் அந்தப் பெண். வந்தவர் ஜவஹர்லால் நேரு! நிர்வாகிகள் பதறிப்போய் டிக்கெட் வாங்கிக் கொடுத்த பிறகுதான் வழி விட்டாள். அதே பெண் இருபத்து மூன்று வருஷங்களுக்குப் பின் அதே நேருவோடு ஒரே சபையில் அங்கத்தினராக உட்கார்ந்தார். அங்கேயும் யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேள்வி கேட்கும் குணம் போகவில்லை.

ஆனால் துர்க்காபாயை வக்கீலாக்கியது காங்கிரஸ் பந்தல் அல்ல, சிறைச்சாலை. உப்பு சத்தியாக்கிரகத்தின்போது வேலூரிலும் மதுரையிலும் சிறை இருந்தார். அங்கே கொலைக் குற்றவாளிகளாக இருந்த பெண்களோடு பேசிப் பார்த்தார். சட்டம் தெரியாமல், வாதாட வக்கீல் இல்லாமல், கேட்ட இடத்தில் 'ஆம்' என்று சொல்லிவிட்டு ஆயுள் முழுவதையும் உள்ளே கழித்த அபலைகள். வெளியே வந்ததும் அவர் புத்தகத்தைக் கையில் எடுத்தார். மெட்ரிகுலேஷனிலிருந்து ஆரம்பித்து, பி. ஏ. முடித்து, 1942-இல் சென்னையில் சட்டப் பட்டம் வாங்கினார். மைலாப்பூர் பக்கத்துப் பெண்களுக்கு அவர் 1937-இல் தொடங்கிய ஆந்திர மகிளா சபையைச் சொன்னால் உடனே தெரியும்.

மூன்றாமவரைப் பற்றி எழுதும்போது பேனா தானாகவே கொஞ்சம் நின்று போகிறது. தாட்சாயணி வேலாயுதன் கொச்சிக்கு அருகே முளவுகாடு என்ற தீவில் 1912-இல் பிறந்தவர். புலையர் குலம். அந்தக் குலத்துப் பெண்கள் மேலாடை அணியக் கூடாது என்று வழக்கம் இருந்த ஊர். அழகி, காளி, சக்கி என்ற பெயர்கள்தாம் அவர்களுக்கு. தாட்சாயணி என்பது மேல்சாதிப் பெண்களுக்கு உரிய பெயர். அதைத் துணிந்து மகளுக்கு வைத்தார்கள் பெற்றோர். புலையர்கள் தரையில் கூட்டம் போட இடமில்லை என்று மறுக்கப்பட்டபோது, காயலில் படகுகளைச் சேர்த்துக் கட்டி அதன்மேல் கூட்டம் நடத்தினார்கள். தண்ணீருக்கு யார் பட்டா வைத்திருக்கிறார்கள்! தாட்சாயணி பின்னாளில் எழுதத் தொடங்கி முடிக்காமல் போன சுயசரிதைக்குக் கடலுக்குச் சாதியில்லை என்ற பொருளில் பெயர் வைத்ததன் காரணம் இப்போது புரிகிறதல்லவா?

கல்லூரியில் அவர் எடுத்தது ரசாயனம். வகுப்பில் சோதனை செய்து காட்டும்போது அவரைக் கிட்டே வரவிடவில்லை. தள்ளி நின்று பார்த்தே கற்றுக்கொண்டார், 1935-இல் பி. எஸ்ஸி. தேறினார். தாழ்த்தப்பட்ட வகுப்பில் இந்தியாவிலேயே பட்டம் பெற்ற முதல் பெண் அவர்தான். 1940-இல் சேவாகிராமத்தில் காந்திஜி, கஸ்தூரிபா முன்னிலையில் விவாகம். புரோகிதராக இருந்து நடத்தி வைத்தவர் ஒரு குஷ்டரோகி.

இந்த மூவரையும் பார்த்தால் ஒன்று விளங்கும். சமத்துவம் என்பதை இவர்கள் சீமைப் புத்தகத்தில் படித்துவிட்டு வரவில்லை. ஒருவர் கல்யாணப் பேச்சிலும், ஒருவர் ஜெயிலிலும், ஒருவர் ரசாயன வகுப்பின் கோடியில் நின்றும் கற்றுக்கொண்டு வந்தார்கள்.

வேண்டாம் என்ற பெண்கள்

சபை முதன்முதலாகக் கூடியது 1946 டிசம்பர் 9. இரண்டு நாள் கழித்து ராஜேந்திர பிரசாத் தலைவரானதும் வாழ்த்துரைகள். தற்காலிகத் தலைவராக இருந்த சச்சிதானந்த சின்ஹா, கவிக்குயில் சரோஜினி தேவியை வசனத்தில் அல்லாமல் கவிதையில் பேசும்படி அழைத்தார். தம்மை இப்படி அழைப்பது அரசியல் சட்ட சம்பிரதாயமே அல்ல என்று ஒரு குத்துக் குத்திவிட்டுத்தான் கவிக்குயில் பேச ஆரம்பித்தார். சட்டமே எழுதப்படவில்லை, அதற்குள் சட்ட விரோதம்!

அதற்கு அடுத்த வாரம், டிசம்பர் 19-ஆம் தேதி, குஜராத்துப் பெண்மணி ஹன்சா மேத்தா எழுந்தார். அந்தச் சமயத்தில் சபையில் ஒவ்வொரு வகுப்பாரும் தங்களுக்கு எத்தனை ஸ்தானம், என்ன பாதுகாப்பு என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஹன்சா மேத்தா சொன்னது நேர்மாறு. பெண்கள் இயக்கம் சலுகை கேட்டதே இல்லை. ஒதுக்கிய ஸ்தானமும் வேண்டாம், தனித் தொகுதியும் வேண்டாம். நாங்கள் கேட்பது சமூக நீதி, பொருளாதார நீதி, அரசியல் நீதி என்றார். 1947 ஜூலையில் வங்காளத்து ரேணுகா ராயும் இதையே இன்னும் அழுத்திச் சொன்னார்.

அன்றே, அதே 1946 டிசம்பர் 19-இல், தாட்சாயணியும் பேசினார். வயது 34. ஹரிஜனங்களுக்கு வேண்டியது பலவிதப் பாதுகாப்புச் சாசனங்கள் அல்ல, சமூகக் கொடுமைகள் உடனே ஒழிய வேண்டும். தார்மிகமான பாதுகாப்பே பாதுகாப்பு என்பது அவர் வாதம். தனித் தொகுதி விஷயத்தில் டாக்டர் அம்பேத்கரோடு அவர் ஒத்துப் போகவில்லை. 1949-இல் பேகம் அய்ஜாஸ் ரசூல் முஸ்லிம்களுக்கு ஸ்தான ஒதுக்கீடு கூடாது என்று பேசினார். சிறுபான்மையோரைப் பெரும்பான்மையோரிடமிருந்து என்றென்றைக்கும் பிரித்து வைக்கும், தன்னையே அழித்துக்கொள்ளும் ஆயுதம் அது என்றார். முன்பு ஐக்கிய மாகாணத்தில் அவர் தேர்தலுக்கு நின்றபோது, கோஷா அணியாதவருக்கு ஓட்டுப் போடக் கூடாது என்று மௌல்விகள் பத்வா கொடுத்தார்கள். அதையும் மீறி ஜெயித்து வந்தவர் அவர்.

இவர்கள் வேண்டாம் என்றது சரியா? எனக்கு இதில் இரண்டு மனம். பிரிட்டிஷ் ஆட்சியில் பெண்களுக்கு ஓட்டு என்பதே ஒரு வாலோடு வந்தது. சொத்து இருக்க வேண்டும், அல்லது எழுதப் படிக்கத் தெரிய வேண்டும், அல்லது ஓட்டுரிமை உள்ள ஒருவருக்கு மனைவியாக இருக்க வேண்டும். இன்னாருடைய மனைவி என்பதற்காக ஓர் ஓட்டு! அப்படிப்பட்ட தயவை ருசி பார்த்தவர்கள், புதிய சட்டத்தில் எந்தத் தயவும் வேண்டாம் என்று முறித்துக்கொண்டதில் ஒரு கம்பீரம் இருக்கிறது. 1948-இல் சபையில் தாட்சாயணி பேசிக்கொண்டிருந்தபோது நேரம் கடந்துவிட்டது. உபதலைவர், நீங்கள் பெண் என்பதற்காகத்தான் அனுமதிக்கிறேன் என்றார். தயவு என்றால் இப்படித்தான் இருக்கும். எந்நேரமும் அதைச் சொல்லிக் காட்டுவார்கள்.

ஆனாலும் கணக்கு என்று ஒன்று இருக்கிறதே! சபை நடந்துகொண்டிருக்கும்போதே பெண்களின் எண்ணிக்கை தேய்ந்தது. மாலதி சௌத்ரி நவகாளிக்குப் போய் காந்திஜியின் யாத்திரையில் சேர்ந்துகொண்டார். லீலா ராய் விலகினார். விஜயலக்ஷ்மி மாஸ்கோவுக்கு ஸ்தானீகராகப் போனார். 1949 மார்ச்சில் சரோஜினி தேவி காலமானார். அந்த வருஷ அக்டோபரில் பூர்ணிமா பானர்ஜி எழுந்து, பெண்கள் காலி செய்த ஸ்தானங்களுக்குப் பெண்களையே கொண்டு வரும்படி கேட்க வேண்டியிருந்தது. ஒதுக்கீடு கேட்கவில்லை, வேண்டிக்கொள்கிறேன் என்ற தோரணைதான். அந்த வேண்டுகோளைப் படிக்கும்போது மனத்தில் ஏதோ நெருடுகிறது.

அறைக்குள்ளே நடந்த சண்டை

சபையில் மேடைப் பேச்சைவிட முக்கியமான வேலை கமிட்டி அறைகளில் நடந்தது. அடிப்படை உரிமைகளை எழுதிய துணைக் கமிட்டியில் பெண்கள் இருவர்: ஹன்சா மேத்தா, ராஜகுமாரி அம்ருத் கௌர். ராஜகுமாரி என்றால் சும்மா பெயருக்கு அல்ல; கபூர்தலா ராஜ வம்சம். அரண்மனையை விட்டுவிட்டு வந்து காந்திஜிக்குக் காரியதரிசியாக இருந்தவர்.

கமிட்டி எழுதிய நகலில், ஒவ்வொருவரும் தம் மதத்தைச் சுதந்திரமாக அனுஷ்டிக்கலாம் என்று ஒரு ஷரத்து. கேட்பதற்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது! இந்த இருவருந்தான் ஆட்சேபித்தார்கள். அனுஷ்டானம் என்ற ஒரு சொல்லுக்குள் எதை வேண்டுமானாலும் நுழைத்துவிடலாமே! குழந்தை விவாகம் அனுஷ்டானம், கோஷா அனுஷ்டானம், கோவிலுக்குப் பொட்டுக் கட்டுவது அனுஷ்டானம், உடன்கட்டைகூட அனுஷ்டானந்தானே? நாளைக்கு ஒருவன் கோர்ட்டுக்குப் போய், என் மதச் சுதந்திரத்தில் சர்க்கார் கை வைக்கிறது என்று சொன்னால், பாடுபட்டுக் கொண்டுவந்த சீர்திருத்தச் சட்டமெல்லாம் என்ன ஆகும்? அம்ருத் கௌர் 1947 மார்ச்சில் சட்ட ஆலோசகர் பி. என். ராவுக்குக் கடிதமே எழுதினார். சென்னையின் சட்ட மேதை அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் அந்தக் கட்சிதான்.

முடிவில் என்ன ஆயிற்று? அனுஷ்டானம் என்ற சொல் போகவில்லை. ஆனால் அதற்குப் பக்கத்திலேயே ஒரு காவல்காரனை நிறுத்தினார்கள். சமூக நலத்திற்கும் சீர்திருத்தத்திற்கும் சர்க்கார் சட்டம் செய்வதை இந்த உரிமை தடுக்காது என்றும், ஹிந்துக்களின் பொதுக் கோவில்களை எல்லா வகுப்பு ஹிந்துக்களுக்கும் திறந்துவிடலாம் என்றும் எழுதினார்கள். அரசியல் சட்டத்தின் 25-ஆம் ஷரத்தைப் புரட்டினால் இன்றும் அந்தக் காவல்காரன் அங்கே நிற்கிறான். இரண்டு பெண்களின் பிடிவாதம் அது. என்னைக் கேட்டால், மேடையில் கைதட்டல் வாங்கிய பல பிரசங்கங்களைவிட இந்த ஒரு வரி மதிப்பு வாய்ந்தது.

எல்லாச் சண்டையிலும் ஜெயித்தார்கள் என்று சொல்ல முடியாது. எல்லா மதத்தாருக்கும் ஒரே சிவில் சட்டம் என்பதை உரிமையாகவே எழுதிவிட வேண்டும் என்று ஹன்சா மேத்தாவும் அம்ருத் கௌரும் மினூ மஸானியும் வற்புறுத்தினார்கள். பெரும்பான்மையோர் ஒப்பவில்லை. கோர்ட்டில் கேட்க முடியாத வழிகாட்டும் கொள்கைகளில் அதைச் சேர்த்தார்கள். மூவரும் தங்கள் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுத்தார்கள். இந்தச் சர்ச்சை பிற்பாடு எத்தனை திருப்பங்கள் கண்டது என்பது வேறு கதை.

ஹன்சா மேத்தாவைப் பற்றி இன்னும் இரண்டு வார்த்தை. 1947 ஆகஸ்டு 14 நள்ளிரவில், சுசேதா கிருபளானி வந்தே மாதரம் பாடித் தொடங்கிய அந்தக் கூட்டத்தில், இந்தியப் பெண்களின் காணிக்கையாகத் தேசியக் கொடியைச் சபைக்கு அளித்தவர் ஹன்சா. சரோஜினி தேவி வராததால் அந்தப் பாக்கியம் அவருக்குக் கிடைத்தது. பிறகு ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் கமிஷனில் அங்கம் வகித்தார். எல்லா 'ஆண்களும்' சமமாகப் பிறந்தவர்கள் என்று பொருள் தரும்படி இங்கிலீஷில் எழுதியிருந்த வாசகத்தை, எல்லா 'மனிதப் பிறவிகளும்' என்று மாற்ற வைத்தவர் அவர்தான். 1948-இல் உலகமே ஏற்றுக்கொண்ட பிரகடனத்தின் முதல் ஷரத்து அப்படித்தான் இருக்கிறது.

துர்க்காபாய் பக்கம் திரும்புவோம். சபைத் தலைவர் இல்லாத வேளையில் அக்கிராசனம் வகிப்போர் பட்டியலில் இருந்த ஒரே பெண் அவர். திருத்தங்கள் கொண்டுவருவதில் சளைக்காதவர். ராஜ்ய சபை அங்கத்தினருக்கு 35 வயது ஆகியிருக்க வேண்டும் என்று இருந்ததை 30 ஆக்கியது அவருடைய திருத்தம். விவேகம் வயதைப் பொறுத்ததல்ல என்று வாதாடினார். பதினான்கு வயதில் நேருவை வாசலில் நிறுத்தியவர் வேறு எப்படிப் பேசுவார்?

பாஷைப் பிரச்னையிலும் அவர் பேச்சு கவனிக்கத் தக்கது. சிறுமியாக இருந்தபோதே காகிநாடாவில் பெண்களுக்கு ஹிந்தி வகுப்பு நடத்தியவர் அவர். அப்படிப்பட்டவரே 1949 செப்டம்பரில், ஹிந்திக்காரர்கள் காட்டும் அவசரத்தையும் ஆவேசத்தையும் கண்டித்தார். ஹிந்துஸ்தானியே வேண்டும், பதினைந்து வருஷத்துக்கு இப்போதுள்ள நிலை நீடிக்கட்டும் என்றார். ஆசையாகக் கற்றுக்கொடுப்பது வேறு, அதிகாரத்தால் திணிப்பது வேறு என்பது கற்றுக்கொடுத்தவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

தாட்சாயணியோ நகல் சட்டத்தையே விட்டுவைக்கவில்லை. கருத்தும் கொள்கையும் இல்லாத வறண்ட நகல் என்று 1948 நவம்பரில் சொன்னார். மத்திய சர்க்காரிடம் அதிகாரம் குவிந்து கிடக்கிறது என்று குறை கூறினார். பொதுத் தேர்தல் நடத்தி ஜனங்களிடம் சம்மதம் பெற்ற பிறகே இதை ஏற்க வேண்டும் என்றும் சொன்னார். அவர் பேச்சு எடுபடவில்லை. ஆனால் அதே மாதம் 29-ஆம் தேதி, தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்ற ஷரத்து மகாத்மா காந்திக்கு ஜே என்ற கோஷத்தினிடையே நிறைவேறிய அன்று அவர் சபையில் பேசினார். இந்தச் சட்டம் எப்படி நடக்கும் என்பது, ஜனங்கள் இனி எப்படி நடந்துகொள்வார்கள் என்பதைப் பொறுத்தது என்றார். காயலில் படகு கட்டிக் கூட்டம் போட்டவர்களின் வீட்டுப் பெண், சட்டம் ஒன்றையே நம்பிவிடவில்லை.

சபையில் வேடிக்கைக்கும் குறைவில்லை. அஸ்ஸாம் அங்கத்தினர் ரோஹிணி குமார் சௌத்ரி, எல்லாருக்கும் பாதுகாப்பு எழுதினீர்களே, பெண்களிடமிருந்து எங்களுக்குப் பாதுகாப்பு எங்கே என்று கேட்டார்! ஆபீஸிலும் சட்டசபையிலும் ஸ்தானீகர் பதவியிலும் பெண்கள் ஆண்களை முழங்கையால் இடித்துத் தள்ளுகிறார்களாம். 299 பேரில் பதினைந்து முழங்கை இருந்ததற்கே இந்தப் புலம்பல்!

ஷரத்துக்குப் பின்

1950 ஜனவரி 26-இல் சட்டம் அமலுக்கு வந்தது. ஆண் பெண் பேதமின்றி 21 வயது வந்த எல்லாருக்கும் ஓட்டு. சட்டத்தின் முன் சமம். சர்க்கார் உத்தியோகத்தில் ஆண் பெண் என்று பாகுபாடு கூடாது. சம வேலைக்குச் சமச் சம்பளம் வழிகாட்டும் கொள்கை. படித்துப் பார்த்தால் நிறைவாகத்தான் இருந்தது. ஆனால் பிறந்த வீட்டுச் சொத்தில் பெண்ணுக்குப் பங்கு, ஒருதார விவாகம், விவாகரத்து இவற்றைச் சொன்ன ஹிந்து சட்ட மசோதாவுக்குத் துர்க்காபாயும் ரேணுகா ராயும் எவ்வளவு வாதாடியும் தடை விலகவில்லை. மசோதா தேங்கிப் போனதால் 1951-இல் அம்பேத்கர் மந்திரி பதவியை ராஜிநாமாச் செய்தார். 1955, 1956-இல் அது துண்டு துண்டாக நிறைவேறியது. பரம்பரைச் சொத்தில் மகனுக்குச் சமமாக மகளுக்கும் பங்கு என்பது தமிழ்நாட்டில் 1989-இலும், தேசம் முழுவதற்கும் 2005-இலுந்தான் வந்தது.

வேண்டாம் என்று அன்று தள்ளிய ஒதுக்கீட்டின் கதையும் முடிந்துவிடவில்லை. முதல் லோக் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்கள் முப்பது பேர்கூட இல்லை. அம்மு அம்மாள் திண்டுக்கல்லிலிருந்து போனார். துர்க்காபாய் தோற்றார், பிறகு பிளானிங் கமிஷனுக்கும், 1953-இல் அமைந்த மத்திய சமூக நல போர்டுக்கும் போய் வேலை செய்தார். 2024 தேர்தலில் லோக் சபைக்கு வந்த பெண்கள் 543-இல் 74. மூன்றில் ஒரு பங்கு ஸ்தானம் பெண்களுக்கு என்று 2023-இல் பார்லிமெண்டு அரசியல் சட்டத்தையே திருத்தியது. ஜனத்தொகைக் கணக்கும் தொகுதி சீரமைப்பும் முடிந்த பிறகே அமல் என்று அதிலேயே எழுதியிருந்தது. ஹன்சா மேத்தா இதைக் கேட்டால் முகத்தைச் சுளிப்பாரோ, பூர்ணிமா பானர்ஜி பெருமூச்சு விடுவாரோ, யார் கண்டது?

முதல் பொதுத் தேர்தலுக்கு ஜாபிதா தயாரித்தபோது நடந்ததைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. வீடு வீடாகப் போன சிப்பந்திகளிடம் வட நாட்டுப் பெண்கள் பலர் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்தார்கள். அந்நிய ஆணிடம் பெயர் சொல்வதாவது! இன்னாருடைய தாயார், இன்னாருடைய மனைவி என்று எழுதிக்கொள்ளுங்கள் என்றார்கள். அப்படியே எழுதியும் வைத்தார்கள். தேர்தல் கமிஷனர் சுகுமார் சென் பார்த்தார். ஓட்டுரிமை இன்னாருடைய மனைவிக்கு அல்ல, அந்தப் பெண்ணுக்கு. சொந்தப் பெயர் இல்லாவிட்டால் ஜாபிதாவில் இடமில்லை என்று உத்தரவு போட்டார். சுமார் எட்டுக் கோடிப் பெண் வாக்காளர்களில் ஏறக்குறைய 28 லட்சம் பேர் இப்படி விட்டுப் போனார்கள். பீகாருக்கு ஒரு மாதம் விசேஷத் தவணை கொடுத்தார்கள். அந்த மாதத்திற்குள் பலர் கதவைத் திறந்து தங்கள் பெயரைச் சொன்னார்கள். ராஜஸ்தானிலும் தவணை கொடுத்துப் பார்த்தார்கள். அங்கே முன்வந்து சொன்னவர்கள் குறைவு.